கோட்டையும் களத்துமேடும்
(பச்சைமலை அடிவாரத்தில், துறையூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு ராஜ்யம் பெரிய கூட்டிலிருந்து பிரிந்து போவதும், அதன் காரணமாக உள்நாட்டு யுத்தம் மூள்வதும், யுத்தத்தின் முடிவில் அடிமைகள் விடுதலை பெறுவதும் ஆகிய மூன்றையும் ஒரே கதையாகச் சொல்லும் வழக்கம் அமெரிக்க சரித்திரத்தைப் படித்தவர்களிடம் உண்டு. 1860-ஆம் ஆண்டு டிசம்பரில் தென் கரோலினா விலகியது. அடுத்த சில மாதங்களுக்குள் மேலும் 10 மாகாணங்கள் விலகின. நான்கு ஆண்டு நடந்த போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1865 டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அங்கே பிரிவினைக்குக் காரணம் அடிமை, போருக்குக் காரணம் பிரிவினை, விடுதலைக்குக் காரணம் போர் என்று மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாக முறுக்கிக் கிடக்கின்றன.

நம் திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் இம்மூன்றும் நிகழ்ந்தன. பேரரசிலிருந்து பிரிந்து தனியரசு கண்டவர்களை இங்கே பார்க்கலாம். ஒரே பட்டத்துக்கு இருவர் உரிமை கொண்டாடி இரண்டு அந்நிய தேசத்தாரைத் துணைக்கு அழைத்து நடத்திய உள்நாட்டு யுத்தத்தைப் பார்க்கலாம். நிலத்தோடு சேர்த்து மனிதனையும் கிரயம் எழுதிக்கொடுத்த அடிமை முறையையும், அதை ஒழித்த சட்டத்தையும் பார்க்கலாம். ஆனால் இங்கே அவை ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நடந்தேறின. ஏன் அவ்வாறு நடந்தன என்பதும், அவ்வாறு நடந்தமையால் உழுதவனுக்கு என்ன வாய்த்தது என்பதுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் பூமியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கூடியிருக்கும் இவ்வூருக்கு வடக்கே எழுந்து நிற்கும் பச்சைமலையில் நின்று தெற்கே நோக்கினால், கண்ணுக்கு எட்டும் வரை மானாவாரிப் புன்செய். அதற்கும் அப்பால் கொள்ளிடமும் காவேரியும் அணைத்துக்கொண்ட நன்செய். மேலே வண்ணாடு, தென்பரநாடு, கோம்பைநாடு என்று நாடுகளாகப் பிரிந்து வாழும் மலையாளி மக்கள், காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். சாமையும் தினையும் வரகும் விதைத்து, தம் வழக்குகளைத் தம் ஊர்ப் பெரியவர்களிடமே தீர்த்துக்கொண்டவர்கள். கீழே லால்குடி, ஸ்ரீரங்கம், குளித்தலைப் பக்கத்து வாய்க்கால் பாசனத்தில் நிலம் ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு என்பது பல நூற்றாண்டுகளின் நியதி. தண்ணீர் எங்கே பாய்ந்ததோ அங்கே அடிமை முறை கெட்டியாக இருந்தது. மழையை நம்பிய மண்ணில் அது தளர்ந்திருந்தது. மலையேறினால் அதன் சாயல் வேறு. இந்த மாவட்டத்து அடிமை முறையைப் புரிந்துகொள்ள எத்தனையோ ஆவணங்களைப் புரட்டலாம். ஆயினும் வாய்க்கால் வரைபடம் ஒன்று கையில் இருந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இனி யுத்தத்துக்கு வருவோம். மதுரை நாயக்கர் வமிசத்தில் விஜயரங்க சொக்கநாதர் 1732-இல் ஆண் சந்ததியின்றி இறந்தார். திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலிருந்து ஆட்சியை ஏற்ற அவர் மனைவி ராணி மீனாட்சிக்கு எதிராகக் குடும்பத்துக்குள்ளேயே பங்காரு திருமலை கட்சி கட்டினார். அந்த வழக்கைத் தீர்த்துவைக்கிறேன் என்று வந்தவர் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். குரானின்மேல் ஆணையிட்டு அபயம் கொடுத்தார் என்றும், பட்டுத் துணிக்குள் இருந்தது வெறும் செங்கல் என்றும் ஊர் சொல்லும் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். செங்கல் உண்மையோ பொய்யோ, கோட்டை கைமாறியது உண்மை. ராணி மாண்டது உண்மை. 1741-இல் மராத்தியர் வந்து சந்தா சாகிபைச் சிறைப்பிடித்து சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். முராரி ராவ் இரண்டு ஆண்டு இந்தக் கோட்டையில் அதிகாரம் செலுத்தினார். 1743-இல் ஹைதராபாத் நிஜாம் படையெடுத்து வந்து அவரை வெளியேற்றினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மலைக்கோட்டையின்மேல் எத்தனை கொடி மாறியது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் நெல் அறுத்தவன் எந்தக் கொடிக்கு வாரம் அளந்தான் என்று கேட்டால் எல்லாக் கொடிக்கும் அளந்தான் என்பதே விடை.

பெரிய யுத்தம் அதன் பிறகு வந்தது. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ச் சண்டையில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி தப்பி ஓடிவந்து திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்தார். சிறையிலிருந்து மீண்டு பிரெஞ்சுக்காரரின் தயவால் நவாப் பட்டம் சூடிக்கொண்ட சந்தா சாகிபுக்குக் கர்நாடக தேசம் முழுவதும் வசமாயிற்று. திருச்சி ஒன்றுதான் அடங்கவில்லை. ஒரு ராஜ்யம் பிரிந்து நிற்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை: தேசம் ஒரு பக்கம், ஒரு கோட்டையும் அதைச் சூழ்ந்த நன்செயும் மறு பக்கம். 1751 ஜூலையில் இம்மலைக்குக் கிழக்கே வாலிகண்டபுரத்தில் முகமது அலியின் படையும் ஆங்கிலேயரின் படையும் தோற்று, ஊட்டத்தூர் வழியாகப் பின்வாங்கிக் கொள்ளிடத்தைக் கடந்து கோட்டைக்குள் ஒடுங்கின. முற்றுகை தொடங்கியது.

இந்த இடத்தில் இங்கிலீஷ் பாடப்புத்தகங்கள் எல்லாம் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து 50 நாள் காத்த வீரக் கதைக்குத் தாவிவிடும். கிளைவின் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் திருச்சிக் கோட்டை நின்றதற்கு ஆர்க்காட்டில் கிளைவ் செய்தது பாதிக் காரணம் என்றால், புதுக்கோட்டைத் தொண்டைமான் தம் காட்டுப் பாதைகளின் வழியே இரவோடு இரவாக அனுப்பிய அரிசியும் ஆடுமாடும் மறுபாதிக் காரணம். அந்த அரிசி மூட்டைகளைத் தலையிலும் மாட்டின் முதுகிலும் சுமந்து வந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ராபர்ட் ஓர்ம் எழுதிய பெரிய சரித்திரம் சிப்பாய்களின் எண்ணிக்கையையும் பீரங்கிகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு சண்டைக்கும் தருகிறது. மூட்டை சுமந்தவர்களை எண்ண அவருக்கும் தோன்றவில்லை.

1752-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மைசூர் நஞ்சராஜரும், முராரி ராவும், தஞ்சாவூர்த் தளபதி மானாஜியும் முகமது அலியின் பக்கம் வந்து சேர்ந்ததும் தராசு சாய்ந்தது. பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தம் படையோடு காவேரியைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். அரங்கன் கோயிலின் மதில்களும் திருவானைக்காவின் மதில்களும் பீரங்கிக்கு அரணாயின. கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் தண்டு இறங்கிப் புதுச்சேரி வழியை அடைத்தார். உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படை வாலிகண்டபுரத்திலேயே சரணடைந்தது. ஜூன் மாதத்தில் லா ஏறக்குறைய 800 ஐரோப்பியரோடும் 2000 சிப்பாய்களோடும் ஆயுதங்களைக் கீழே வைத்தார். சந்தா சாகிப் மானாஜியின் வாக்கை நம்பிச் சரண் புகுந்தார். மானாஜி அவரைக் கொல்வித்தார். தலை முகமது அலிக்குச் சென்றது, தலையற்ற உடல் நத்தர்வலி தர்காவில் அடக்கமாயிற்று. ராணி மீனாட்சிக்குக் கொடுத்த வாக்கையும் சந்தா சாகிபுக்குக் கிடைத்த வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தெய்வ நீதி பேசுவோர் உண்டு. சரித்திரக்காரனுக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

அத்துடன் யுத்தம் முடிந்ததா? முடியவில்லை. உதவிக்குக் கூலியாகத் திருச்சிராப்பள்ளியையே மைசூருக்குத் தருவதாக முகமது அலி இரகசியமாக வாக்களித்திருந்தார். வெற்றி கிடைத்ததும் தர மறுத்தார். நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொண்டு முன்பு தாம் காத்த கோட்டையைத் தாமே முற்றுகையிட்டார். 1753, 1754 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பொன்மலையைச் சுற்றியும், சமவெளியில் தலைநீட்டும் சிறு குன்றுகளைச் சுற்றியும் மாறி மாறிச் சண்டை நடந்தது. அரிசி அகப்படாமல் கோட்டைக்குள் இருந்த குடிஜனங்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற, பெரிய பட்டணம் வெறும் படைவீடாகச் சுருங்கிற்று என்று ஓர்ம் எழுதுகிறார். 1754-ஆம் ஆண்டின் கடைசி நாளில் புதுச்சேரியில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கம்பெனிகள் இரண்டும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகே சற்று மூச்சுவிட முடிந்தது.

இப்பெரும் பூசலின் சிறு பதிப்பு ஒன்று இதே துறையூரில் அரங்கேறியது. பாளையத்து ரெட்டியாரின் பட்டத்துக்கு ஒரே குடும்பத்தில் இருவர் போட்டியிட, ஒருவர் பின்னே நவாபும் ஆங்கிலேயரும், மற்றவர் பின்னே அவர்களுடைய எதிரிகளும் நின்றார்கள். பிரிவினையும் இவ்வாறே படிப்படியாக இறங்கி வந்தது. மேலே டெல்லியில் பேரரசு தளர, ஹைதராபாத் பிரிந்தது. ஹைதராபாத்தின் பிடி தளர, ஆர்க்காடு பிரிந்தது. ஆர்க்காட்டின் பிடி தளர, பாளையங்கள் பிரிந்தன. மதுரையில் நவாபின் வரி வசூல் அதிகாரியாக இருந்த யூசுப் கான் 1763-இல் தானே அரசன் என்று கொடி உயர்த்தி, 1764 அக்டோபரில் தூக்கில் தொங்கினார். பிரிந்தவர்களில் யாரும் கொள்கைக்காகப் பிரிந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. கிஸ்தி யாருக்குச் சேரவேண்டும் என்பதே ஒவ்வொரு பிரிவினையின் வேர்க் கேள்வி. கிஸ்தி நன்செயிலிருந்து வந்தது. நன்செய் பண்ணையாளின் முதுகிலிருந்து விளைந்தது. ஆகவே ஜெயித்தவன் எவனாயினும் பண்ணையாளைக் கலைக்க அவன் மனம் ஒப்பாது. அமெரிக்காவில் வடக்கே இருந்த ஆலைச் சீமைக்கு அடிமை தேவைப்படவில்லை, தெற்கே இருந்த பருத்திச் சீமைக்குத் தேவைப்பட்டான். அதனால் அடிமையே போரின் பொருளானான். இங்கே இரு பக்கத்துக்கும் அவன் ஒரேபோலத் தேவைப்பட்டதால், அவனைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

கொள்கை என்று சொல்லத்தக்க குரல் ஒன்று 1801-இல்தான் கேட்டது. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் தேதியிட்ட சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. விருப்பாட்சி கோபால நாயக்கரும் ஊமைத்துரையும் மருது சகோதரரும் சேர்ந்த கூட்டணியின் சார்பில், ஜம்பு தீபத்து மக்கள் அனைவரையும் விளித்து, ஐரோப்பியரின் ஆதிக்கத்தை விலக்கத் திரளுங்கள் என்று அழைத்த ஓலை அது. பேராசிரியர் ராஜய்யன் இக்கிளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து எழுதிய பிறகு, தமிழ்நாட்டில் அதை அறியாதவர் குறைவு. பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர், முஸல்மான்கள் என்று ஒவ்வொருவரையும் அந்தப் பிரகடனம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய் வரை மறக்காமல் கூப்பிடுகிறது. அதை எழுதியவரின் நெஞ்சுரத்தின்மேல் எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனாலும் சேற்றில் நின்றவனுக்கென்று அதில் ஒரு வாக்கியம் தேடினேன், அகப்படவில்லை. அவன் அந்த மதிலருகே வந்து நிற்கவே அனுமதி இல்லாத காலம் அது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு முன்பே, ஜூலை 31-இல், கர்நாடக ராஜ்யம் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. ஜான் வாலஸ் திருச்சிராப்பள்ளியின் முதல் கலெக்டராக அமர்ந்தார்.

இனி அடிமை முறையைப் பற்றிப் பேசவேண்டும். இதை வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று தள்ளுவோரும் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டைப் படிக்கச் சொல்வேன். 1201-ஆம் ஆண்டில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில், ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் கதையில் இறைவனே ஆளோலையோடு வழக்காட வருகிறான். ஆளோலை என்பது கேட்டவுடன் விளங்கும் பத்திரமாக அன்று இருந்தால்தானே அக்கதை நடக்கும்? டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையின் பஞ்சத்தைப் பயன்படுத்தி நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரை இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். 1743-இல் புதுச்சேரியில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்ற கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கடல் கடந்த வியாபாரம் அந்நியன் நடத்தியது. நன்செயில் இருந்தது நம் சொந்தச் சரக்கு.

காவேரிப் பாசனக் கிராமங்களில் பள்ளர், பறையர் சமூகத்துக் குடும்பங்கள் மிராசுதாரின் பண்ணையாட்களாகப் பரம்பரை பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்தார்கள். நிலம் விற்றால் அவர்களும் சேர்ந்து கைமாறுவார்கள். கடனுக்கு ஈடாக அவர்களை ஒற்றி வைப்பதும் உண்டு. ஒரே குடும்பத்தின் உழைப்பைப் பங்காளிகள் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொள்வதும் உண்டு. களத்தில் படி அளக்கும்போது கிடைக்கும் நெல், சேரி நத்தத்தில் ஒரு குடிசை, பண்டிகைக்கு ஒரு துணி, கல்யாணத்துக்குக் கடன். இதற்கு மேல் கணக்கில்லை. சென்னை ரெவினியூ போர்டு 1819-இல் கலெக்டர்களிடம் அடிமைகளைப் பற்றி அறிக்கை கேட்டபோது, தமிழ் ஜில்லாக்களிலிருந்து வந்த பதில்களில் ஒரு கவலை ஓடுகிறது: இவர்களை விடுவித்தால் நன்செய் தரிசாகிவிடாதா, தரிசானால் வரி என்ன ஆகும்? நில உடைமையாளர்களில் பெரும்பாலோர் ஏர் பிடிக்காத சாதியார் என்பதையும் அதிகாரிகள் கவனித்திருந்தார்கள். போர்டு அவ்விஷயத்தைக் கிளறாமல் விட்டது. நவாபின் காலத்து நியாயமும் கம்பெனியின் காலத்து நியாயமும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதைப் பாருங்கள்.

1833-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, உடைமைக்காரர்களுக்கு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது; கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களையும் இலங்கையையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே விட்டது. அவ்வாண்டு புதுப்பித்த கம்பெனி சாசனத்தில், அடிமைகளின் நிலையைச் சீர்திருத்தும் வழியை ஆராய்க என்று ஓர் உத்தரவு மட்டும் சேர்ந்தது. ஆராய்ந்து முடிக்கப் பத்தாண்டு ஆயிற்று. எல்லன்பரோ பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த 1843 ஏப்ரலில் 5-ஆம் நம்பர் சட்டம் நிறைவேறியது. மொத்தம் நான்கே பிரிவுகள். கோர்ட்டுத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரிபாக்கிக்காகவோ எந்தச் சர்க்கார் அதிகாரியும் மனிதனை அடிமையென்று விற்கக்கூடாது. மனிதன்மேல் சொத்துரிமை உண்டென்று சொல்லும் எந்த வழக்கையும் கோர்ட்டு ஏற்கக்கூடாது. ஒருவன் தன் உழைப்பால் தேடிய பொருளை, அவன் அடிமை என்ற காரணத்தால் பறிக்கக்கூடாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் இவனுக்குச் செய்தாலும் குற்றமாகும். அவ்வளவுதான்.

சொத்துக்காரனுக்கு நஷ்டஈடு இல்லை; விடுதலை பெற்றவனுக்கு நிலமும் இல்லை. அடிமை வைத்திருப்பது குற்றம் என்றுகூட அச்சட்டம் சொல்லவில்லை. கோர்ட்டு தன் கையை மட்டும் விலக்கிக்கொண்டது. ஆளை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமாக, 1862-இல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் நம் நாட்டில் அடிமை முறை ஒழிந்ததென்று பெருமைப்படுவோர் உண்டு. சத்தம் இல்லாததற்குக் காரணம் நம் சாத்வீகம் என்று நான் நினைக்கவில்லை. பழைய ஏற்பாடு பெயர் மாறித் தொடர்ந்ததே காரணம். முந்தின நாள் ஆளோலை இருந்த பெட்டியில் மறுநாள் கடன் பத்திரம் இருந்தது. 1859-இல் வந்த 13-ஆம் நம்பர் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் மாஜிஸ்ட்ரேட்டே அவனைத் திரும்ப வேலைக்கு அனுப்பவும், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் தள்ளவும் அதிகாரம் கொடுத்தது. பட்டணத்துக் கைவினைஞர்களை மனத்தில் வைத்துப் பிறந்த அச்சட்டம் பிறகு வெளிப்பிரதேசங்களுக்கும் பரவி, 1926 வரை உயிரோடு இருந்தது. சிவில் கோர்ட்டு விலக்கிக்கொண்ட கையைக் கிரிமினல் கோர்ட்டு நீட்டியது.

இவ்விஷயத்தில் அமெரிக்காவும் நம்மைவிட வெகுதூரம் போய்விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1865 ஜனவரியில் ஷெர்மன் தளபதி கடற்கரை நிலங்களை விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக்கொடுக்க உத்தரவிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்துசெய்து பழைய முதலாளிகளிடமே நிலத்தைத் திருப்பினார். அதன்பின் அவர்கள் வாரத்துக்கும் கடனுக்கும் அதே பருத்திக் காட்டில் உழைத்தார்கள். நம் மாகாணத்திலும் செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-இல் எழுதிய குறிப்பின் பயனாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படும் அந்நிலங்களில் எவ்வளவு இன்று வேறு கைகளில் இருக்கிறது என்று பஞ்சமி நிலப் போராட்டக்காரரைக் கேளுங்கள். இரண்டு தேசத்துச் சரித்திரமும் சந்திக்கும் வேறோர் இடமும் உண்டு. உள்நாட்டு யுத்தத்தால் அமெரிக்கப் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கு வராமல் நின்றதும் இந்தியப் பருத்தியின் விலை உச்சத்துக்கு ஏறியது. பச்சைமலைக்குக் கிழக்கே பெரம்பலூர்க் கரிசலும் பருத்தி விளையும் பூமி. நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதையும் அந்தச் சமயத்தில்தான் திருச்சியை எட்டியது. அமெரிக்காவில் அடிமைத்தளை அறுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இங்கே தரகனின் பெட்டி நிரம்பியது.

அப்படியானால் நம் பண்ணையாளுக்கு மெய்யான விடுதலை எவ்வழியாக வந்தது? சட்டத்தின் வழியாக வந்ததைவிடப் பாதையின் வழியாக வந்தது அதிகம் என்பது என் முடிவு. கோர்ட்டு ஆளைப் பிடித்துத் தராது என்று தெரிந்ததும், ஓடத் துணிந்தவனுக்கு இலங்கைக் காப்பித் தோட்டம் திறந்திருந்தது. இந்தத் துறையூர், முசிறி, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னே கிளம்பிய ஜனங்கள் ராமநாதபுரம் கரை வரை நடந்தே போய்ப் படகேறினார்கள். பிறகு தேயிலை வந்தது. மலாயாவில் ரப்பர் வந்தது. ஆள் திரட்டும் வேலை எவ்வளவு பெருகியதென்றால், இலங்கைத் தோட்டத் துரைமார் 1904-இல் தங்கள் தொழிலாளர் கமிஷனின் தலைமையிடத்தையே திருச்சிராப்பள்ளியில் அமைத்தார்கள். சந்தா சாகிபும் நஞ்சராஜரும் எந்த ஊரின் நெல்லுக்காக அடித்துக்கொண்டார்களோ, அந்த ஊரிலிருந்து இப்போது மனிதர்களே ஏற்றுமதியானார்கள். போன இடம் சுவர்க்கமன்று. அங்கே கங்காணியின் கடன் கணக்கு, துண்டு என்ற சீட்டில் ஏறித் தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியைத் துரத்தியது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறைக்கு முடிவு ஏற்பட்டது. ஆயினும் களத்துமேட்டில் நெல் அளந்து வாங்கியவன் முதன்முதலாகத் தன் பெயர் எழுதிய பேரேட்டில் ரூபாய்க் கணக்குப் பார்த்தது அங்கேதான்.

மறு பாதை பொன்மலைக்குப் போயிற்று. 1753-இல் படைகள் மோதிய அந்தக் குன்றின் அடியில் 1928-இல் தென்னிந்திய ரயில்வே தன் பெரும் பட்டறையைத் திறந்தது. சங்கமும் அங்கேயே வளர்ந்தது. 1946 செப்டம்பர் 5-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் அங்கே மாண்டார்கள். அந்தச் சமவெளியில் சிந்திய ரத்தம் முதல்முறையாக உழைப்பவனுடைய சொந்தக் கோரிக்கைக்காகச் சிந்தியது என்று சொன்னால் மிகையாகாது.

வயலில் நின்றவர்களுக்குச் சுதந்திரத்துக்குப் பிறகு சில சட்டங்கள் வந்தன. ராஜாஜி 1952-இல் கொண்டுவந்த சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு ஏற்பாடு தஞ்சாவூருக்கு மட்டும் உரியதாக இருந்தது. நம் ஜில்லாவுக்கென்று 1958-இல் கையேறுவாரம், மாட்டுவாரம் சட்டம் பிறந்தது. கை உழைப்பை மட்டும் தருகிறவனையும், ஏர்மாட்டோடு வருகிறவனையும் குத்தகைதாரன் என்ற கணக்கிலேயே சேர்க்காமல் வெறும் கூலியாளாக வைத்திருந்த ஏற்பாட்டின்மேல் சர்க்கார் முதன்முறையாகக் கண் வைத்த சட்டம் இது. 1843-க்கும் 1958-க்கும் இடையே 115 ஆண்டு. கொத்தடிமை முறையைப் பெயர் சொல்லி ஒழிக்க 1976 வரை காத்திருந்தோம்.

கடல் தாண்டியவர்களின் கதை அதற்குள் திரும்பி வந்துவிட்டது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைநாட்டுத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. மண்டபம் முகாமின் வழியாக அவர்கள் வந்து இறங்கியபோது, பாட்டன் ஊர் எது என்று அதிகாரி கேட்டதற்கு முசிறி என்றும் துறையூர் என்றும் பெரம்பலூர் என்றும் சொன்னவர்கள் பலர். நூறு ஆண்டு முன்னே பண்ணையை உதறிப் போனவனின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஊர்களில் ஒரு செண்டு நிலமும் இல்லை. ரேஷன் அட்டையும், வியாபாரக் கடன் என்ற பெயரில் ஒரு தொகையும் கொடுத்து அனுப்பினார்கள். அக்கடனை அடைக்க முடியாதவர்களும், நீலகிரியின் தேயிலைக் காட்டுக்கும் கொடைக்கானல் மலைச்சரிவில் மரம் வெட்டும் வேலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்களும் அவர்களுக்குள் உண்டு. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து வழக்காடி, அவர்களில் சிலரை மீட்க வேண்டியிருந்தது.